முதல் அரை அங்குலம் இலவசம்

புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில் அம்மன் காசு என்று ஒன்று புழங்கியது. சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கில் மூன்றெழுத்து. நவராத்திரிக்கு அரிசி வழங்கும்போது கூடவே ஒரு காசும் கையில் விழும். இருபது காசு ஓர் அணா; 320 காசு ஒரு ரூபாய். மன்னரிடம் ஒரு நேர்மை இருந்தது. கொடுப்பது தானம் என்பதை அவர் ஒளிக்கவில்லை. வாங்க வந்தவனின் கால் எத்தனை அங்குலம் குட்டை என்று நாடா பிடிக்கவும் இல்லை.

1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. தானம் ஒழிந்து உரிமை வந்தது. உரிமையின் கையைப் பிடித்துக்கொண்டு நாடாவும் வந்தது.

என் சித்தப்பாவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம். இடது கால் சூம்பிப்போய், வலது காலைவிட இரண்டு அங்குலம் குட்டை. ஊனத்தை அளக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறையில் குட்டைக் காலுக்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. முதல் அரை அங்குலத்துக்கு மதிப்பு சுழி. அதற்கு மேல் ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் 4 சதவீதம். ஆக, சித்தப்பாவின் இரண்டு அங்குலத்தில் ஒன்றரைக்குத்தான் இந்தியக் குடியரசு பொறுப்பேற்கிறது: மூநாலு பன்னிரண்டு. முதல் அரை அங்குலம் அவர் நாட்டுக்கு இலவசமாகக் கொடுத்தது.

“பட்டா நிலத்துல கொஞ்சம் பொறம்போக்குன்னு எழுதி வச்சிருப்பாய்ங்கள்ல, அந்த மாதிரி என் கால்ல அரை அங்குலம் பொறம்போக்குப்பா” என்பார் சித்தப்பா. தசை வலுக்குறைவு, மூட்டு மடங்காமை எல்லாம் சேர்த்து அவருக்கு 60 சதவீதம் போட்டுக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் 60 வாங்காதவர், காலில் வாங்கினார்.

அளக்கிற மருத்துவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஏதோ ஒரு அளவுகோல் வேண்டும்தான். என் கோபம், உடம்பை அரை அங்குல சுத்தமாக அளக்கத் தெரிந்த அரசுக்கு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தள்ள எவ்வளவு செலவாகும் என்று அளக்க மட்டும் ஏன் ஒரு நாடா கிடைக்கவில்லை என்பதில்.

இப்போது கொஞ்சம் கூட்டல் படிப்போம். குடுமியான்மலைப் பக்கம் கல்லுடைக்கப் போகிற ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சில்லு தெறித்து ஒரு கண் போனது. மறு கண் நன்றாகத் தெரிவதால், அட்டவணைப்படி போன கண்ணுக்கு 30. அடுத்த வருஷம் பாறை உருண்டு கால் பெருவிரல் போனது. அதற்கு 10. முப்பதும் பத்தும் எவ்வளவு? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நாற்பது என்று சொல்லி மிட்டாய் வாங்கிக்கொள்ளும். அரசாங்கக் கூட்டல் வேறு. பெரிய எண்ணை அப்படியே வை. 90இல் அதைக் கழி. வந்த மீதியால் சின்ன எண்ணைப் பெருக்கு. 90ஆல் வகு. பெரியதோடு கூட்டு. விடை 36.67.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெரும்பாலான சலுகைகளின் வாசற்படி 40. ஒற்றைக் கண்ணோடும் ஒன்பது கால்விரலோடும் வந்து நிற்பவர் 3.33 சதவீதம் குறைவாக ஊனப்பட்டிருக்கிறார். ஓய்வூதியம் கிடையாது. ஏகலைவனிடம் துரோணர் ஒரே ஒரு கட்டைவிரல்தான் கேட்டார். இந்த வாய்ப்பாடோ, “மறு காலிலும் ஒரு பெருவிரல் இருக்கிறதே?” என்று பார்க்கிறது.

பல குறைகளைக் கூட்டினால் நூறைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக இந்தச் சூத்திரம் வந்தது என்பார்கள். மருத்துவத்துக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் ஒரு மருத்துவச் சூத்திரத்தை எடுத்து, அதன் தலையில் ‘இதற்கு மேல் சோறு, இதற்குக் கீழ் சுழி’ என்று கோடு கிழித்தது மருத்துவம் இல்லை. அது கஜானா.

கோட்டைத் தாண்டியவர் பாக்கியவான். அவருக்கு மூன்று வாசல் இருக்கிறது. முதல் வாசல் வருவாய்த் துறை: 40 சதவீதம் இருந்தால் மாதம் 1500 ரூபாய். 2023 ஜனவரியில் உயர்த்திக் கொடுத்தது அது. அதற்கு முன் 1000. இரண்டாம் வாசல் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை: 75 சதவீதமோ அதற்கு மேலோ கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு 2000. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு என்றால் 40 போதும். மூன்றாம் வாசல் டெல்லியில் இருக்கிறது. இந்திரா காந்தி பெயரிலான அந்தத் திட்டத்துக்கு 80 சதவீதம் வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே வேறு இருக்க வேண்டும். உடம்பு மேலே ஏற வேண்டும், குடும்பம் கீழே இறங்க வேண்டும்.

ஒரு வாசலில் கை நீட்டினால் இன்னொரு வாசலில் நீட்டக் கூடாது. சரி, வாசல்களுக்கு நடுவில் என்ன விலை என்று பார்த்தேன். 74 சதவீதக்காரருக்கு 1500, 75க்கு 2000. அந்த ஒற்றைச் சதவீதம் 500 ரூபாய் பெறும். ஆனால் 40க்கும் 74க்கும் இடையில் இருக்கிற 34 சதவீதம் சல்லிக்காசு பெறாது. நொண்டி நடக்கிறவருக்கும் தவழ்ந்து போகிறவருக்கும் அங்கே ஒரே ஐம்பது ரூபாய் நாள். நகைக்கடைக்காரன் இப்படிக் குண்டுமணி நிறுத்தால் ஊர் சும்மா விடுமா?

*

காய்கறிக் கடையில் கொசுறு என்று ஒரு தர்மம் உண்டு. அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினால், அந்த அம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடுவார். கறிவேப்பிலை போட்டதற்காகக் கத்தரிக்காயில் இரண்டை எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார். எடுத்தால் அந்தக் கடைக்கு மறுநாள் யாரும் போக மாட்டார்கள்.

அரசாங்கக் கொசுறு எப்படி? 80 சதவீதத்தைத் தாண்டியவருக்கு டெல்லி 300 ரூபாய் அனுப்புகிறது. அப்படியானால் சென்னை கொடுக்கிற 1500ஓடு சேர்ந்து 1800 வரும் என்று நினைப்பவர் கணக்கில் வெள்ளந்தி. டெல்லி 300 போட்டதும் சென்னை 1200ஆகக் குறைத்துக்கொள்ளும். கூட்டினால் அதே 1500. டெல்லி எதுவுமே கொடுக்காத 40 சதவீதக்காரருக்குச் சென்னை முழுதாகக் கொடுப்பதும் 1500. உடம்பு இரண்டு மடங்கு கெட்டதற்கு டெல்லி அனுப்பிய 300 யாருக்குப் போனது? உடம்பு கெட்டவருக்கு இல்லை. அவருடைய 80 சதவீதம் மாநிலத்துக்கு மாதம் 300 சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. இந்தத் தேசத்தில் ஊனத்தால் லாபம் பார்த்த ஒரே ஆள் கஜானாதான்.

அந்த 300இன் வயதையும் பார்ப்போம். 2009இல் திட்டம் தொடங்கியபோது 200. 2012இல் 300. அதோடு வளர்ச்சி நின்றுவிட்டது. அந்த வருஷம் பிறந்த பிள்ளை வளர்ந்து மீசை அரும்பிவிட்டது. 300 இன்னும் தொட்டிலில் கிடக்கிறது. விலைவாசி ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது; அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. முன்னாள் உறுப்பினரின் ஓய்வூதியம் 25,000இலிருந்து 31,000. காரணம்? விலைவாசி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டின்படி தானாக உயர்கிறமாதிரி 2018இலேயே தங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். யாரும் மனு எழுதவில்லை, மரத்தடியில் காத்திருக்கவில்லை, கால் அளந்து காட்டவில்லை. பருப்பு விலை நாடாளுமன்றத்துக்குள் ஏறுகிறது. வெளியே வரும்போது 2012க்கு இறங்கிவிடுகிறது.

ரூபாய் ஏறாவிட்டால் என்ன, பெயர் ஏறியிருக்கிறதே! நொண்டி, முடவன் என்றிருந்தவர்கள் ஊனமுற்றோர் ஆனார்கள். அப்புறம் மாற்றுத்திறனாளி. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் ஒரு படி மேலே போய் ‘திவ்யாங்’ என்றார்: தெய்வீக அங்கம் உடையவர். தெய்வத்துக்கு நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய் நைவேத்தியம். பிரகதாம்பாள்கூட இந்தப் படித்தரத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டாள்.

*

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு தெளிவாகவே பேசுகிறது: மற்றவர்களுக்கு இருக்கிற அதேபோன்ற திட்டத்தைவிட, மாற்றுத்திறனாளிக்குக் கொடுப்பது குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தது. இந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1000. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் 1000. சட்டப்படி 1250 ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 2022 டிசம்பர் முடிய ஆகவில்லை. 2017 மே தொடங்கி எண்ணினால் 68 மாதம். மாதம் 250 வீதம் தலைக்கு 17,000 ரூபாய். மின்கட்டணத்தை ஒரு மாதம் கட்டாமல் விட்டுப் பாருங்கள், ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருவார். 68 மாதம் சட்டத்தைக் கட்டாமல் விட்ட அரசின் ஃபியூஸைப் பிடுங்க எந்தக் கம்பத்தில் ஏறுவது?

ஒருவழியாக 2023 ஜனவரியில் 1500 ஆனது. ஆகா, சட்டம் கேட்ட 1250ஐவிட 250 கூடுதல் என்று கைதட்டினோம். அதே 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1200 ஆனது. மூத்தவர்களுக்கு ஏறியது நல்லதே, அதுவும் போதாது. ஆனால் இப்போது 1200க்கு 25 சதவீதம் போடுங்கள். 300. கூட்டுங்கள். 1500. மீதி சுழி. ஒரு பைசா கூடவில்லை. தரை என்று சட்டம் சொன்னதையே கூரையாக வேய்ந்துவிட்டார்கள். கட்டிய வீட்டுக்குள் ஆள் நிமிர முடியாது. தவழ்ந்துதான் போக வேண்டும். தவழ்வதுதான் இவர்களுக்குப் பழக்கமாயிற்றே என்று விட்டிருப்பார்கள்.

சட்டத்தைப் போட்ட டெல்லி யோக்கியமா? அதன் கைம்பெண் ஓய்வூதியம் 300, மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 300. முந்நூறில் 25 சதவீதம் கூட்டினால் முந்நூறு! கல்லுடைக்கிறவரின் 30ஐயும் 10ஐயும் 36.67 ஆக்கிய அதே கணித மேதைமை.

பெண்ணாகப் பிறந்திருந்தால் இன்னொரு கழித்தல் காத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. குடும்பத்தலைவிக்கு மாதம் 1000. கொடை இல்லை, உரிமை என்று பெயரிலேயே எழுதினார்கள், மனமாரப் பாராட்டினேன். ஆனால் அன்று போட்ட விதிப்படி, மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வாங்குகிற பெண்ணுக்கு அது கிடையாது. அவர் ஏற்கெனவே வாங்குகிறாராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நடக்கிற பெண்ணுக்கு, பெண் என்பதற்காக 1000. நடக்க முடியாத பெண்ணுக்கு 1500. அப்படியானால் கால் போனதன் விலை 500. இல்லை, கால் போனதற்கு 1500 என்றால், அவர் பெண் என்பதன் விலை சுழி. காலா, பெண்மையா, எதைச் சுழி ஆக்குவது என்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் தேர்வுச் சுதந்திரம் என்கிறார்கள் போலும்.

பணம் இல்லை என்ற பாட்டை மட்டும் பாடாதீர்கள். திருத்தணியைத் தாண்டினால் நகரி. பாஷை மாறுகிறது, கால் மாறுவதில்லை. ஆந்திரத்தில் 2024இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 3000இலிருந்து 6000 ஆக்கினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 15,000. மாதம் முதல் தேதி வீட்டுக்கு வந்து கையில் கொடுக்கிறார்கள். அங்கேயும் குறை இருக்கும், தணிக்கை என்று பெயர் வெட்டுகிற கத்தியும் இருக்கும். ஆனாலும் ஆறாயிரம் ஆறாயிரம்தான். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினர் அதையே கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். தவழ்ந்து வந்தவர்களைப் போலீஸ் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றியது. அரசு அவர்களைத் தூக்கிவிட்டது அந்த ஒரு நாள்தான்.

*

எங்கள் சின்னம்மா, சித்தப்பாவின் மனைவி, 1990களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறிய காலம் அது, சின்னம்மாவும் ஏறினார். சித்தப்பாவைப் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போவார். ஊர் சிரித்தது, சின்னம்மா மணி அடித்தார். கற்ற எழுத்தை அவர் வீணாக்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மாதக் கணக்கு எழுதிவருகிறார். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது புரட்டிப் பார்த்தேன்.

ஊன்றுகட்டைக்கு அடி ரப்பர், ஒரு ஜோடி. ஒற்றைச் செருப்புக்கு உயரம் வைத்துத் தைத்த கூலி. அக்குளில் புண், களிம்பு. பணம் எடுக்கப் போக ஆட்டோ. மெஷின் ரேகை எடுக்கவில்லை, திரும்பி வர ஆட்டோ. மறுநாள் ஆட்டோ. மெஷின் தம்பிக்கு டீ. வழுக்கி விழுந்தது, கட்டு. ‘வேலைக்குப் போகலை, 4 நாள்’ என்று ஒரு வரி. அது சித்தப்பாவுக்கு இல்லை, அவரைப் பார்த்துக்கொண்ட சின்னம்மாவுக்கு. 2025-26இல் நூறு நாள் வேலைக்கு நாள்கூலி 336 என்று வைத்தால், அந்த நான்கு நாள் மட்டுமே 1344. ஓய்வூதியத்தில் 156 மிச்சம். அதில் இரண்டு ஆட்டோ.

கட்டை வைத்து ஐம்பது வருஷம் நடந்தால் உள்ளங்கையும் விரலும் தேய்ந்து ரேகை அழியும். அழிந்த ரேகையை மெஷின் ஏற்காது. ஊனத்தால் அழிந்த ரேகை, ஊனத்துக்கான பணத்தை நிறுத்துகிறது. அப்புறம் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று எழுதி வாங்கி வர வேண்டும். நேரில் போய் நின்றால் போதாதா என்றால், போதாது. நேரில் நிற்பது சான்று ஆகாது, தாளில் நின்றால்தான் சான்று. ஆள் மட்டுமல்ல, ஊனமும் இன்னும் இருக்கிறதா, சூம்பிய கால் என்றைக்காவது வளர்ந்துவிட்டதா என்று பார்ப்பதில் அரசுக்கு இருக்கிற ஆவலைப் பார்த்தால், டெல்லியில் யாரோ இதற்காக நேர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றே தோன்றும்.

இரண்டு அரசுகள், மூன்று வாசல், 21 வகை ஊனம், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். இத்தனை கணக்குப் போட்டவர்கள் யாரும் சின்னம்மாவின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. நாற்பது பக்கம்தான். ஓய்வூதியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கான விடை அதில் பேனாவால் எழுதியிருக்கிறது. ரப்பர் விலை தெரியாத கணக்கு என்ன கணக்கு? யாருக்குக் கொடுக்காமல் தப்பிக்கலாம், கொடுத்ததில் எதைக் கழிக்கலாம், சட்டத்தை எந்த இடத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கலாம் என்கிற கணக்குத்தான் அது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சித்தப்பாவை மனு கொடுக்க அழைத்துப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வாசலில் புதிதாகச் சாய்தளம் கட்டியிருந்தார்கள். பளபளவென்று துருப்பிடிக்காத கைப்பிடி, நீலப் பலகையில் சக்கர நாற்காலிப் படம். சித்தப்பா மெல்ல ஏறினார். உச்சிக்குப் போய் உள்ளே கால் வைக்கிற இடத்தில் கட்டை தட்டியது. சாய்தளத்தின் சிமெண்டுக்கும் உள்தரையின் டைல்ஸுக்கும் நடுவில் ஒரு விளிம்பு. நான் பிடிக்காவிட்டால் முகம் குப்புற விழுந்திருப்பார்.

வாசலில் நின்ற உதவியாளர் ஓடிவந்து, “பாத்து வாங்கய்யா, சின்ன மேடுதான்” என்றார்.

சித்தப்பா மூச்சு வாங்க நின்று, கட்டையின் நுனியால் அந்த விளிம்பைத் தட்டிப் பார்த்தார். கால் நூற்றாண்டு தச்சுவேலை பார்த்த கண், நாடா தேவையில்லை.

“அரை அங்குலம்” என்றார். “விடுப்பா. அது கணக்குல வராது.”